தனித்திருந்து தம் உள்ளத்தைக் கணக்குப் பார்த்த பேரறிஞர்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

 



ஆண்டறிக்கை என்பது கணக்குப் பார்க்கும் ஏடு. பள்ளிவாசலுக்கு வந்த வரவு எவ்வளவு, ஆன செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பதை நாம் வரிவரியாகப் பார்க்கிறோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் கேள்வி கேட்கிறோம். அது நம் உரிமை; கடமையுங்கூட. ஆனால் நம் ஒவ்வொருவருடைய உள்ளத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. அதைப் பார்ப்பதற்கு ஆண்டில் ஒரு நாளையேனும் நாம் ஒதுக்குகிறோமா? இக்கேள்வியைத் தம்மிடமே கேட்டு, அதற்கு விடை காண்பதற்காகத் தம் காலத்தின் மிக உயர்ந்த பதவியையே துறந்து வெளியேறிய ஒரு மாமேதையின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர்கள்தாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் இமாம் அபூ ஹாமித் முஹம்மது அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

பிறப்பும் இளமையும்

இமாமவர்கள் ஹிஜ்ரி 450ஆம் ஆண்டு (கி.பி. 1058) குராஸான் பகுதியிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். இந்நகரம் இன்றைய ஈரான் நாட்டின் மஷ்ஹத் நகருக்கு அருகில் இருந்தது. தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை எனவும், எழுத்தறிவு அதிகம் இல்லாதவராயினும் உலமாக்களின் சபைகளைத் தேடிச் சென்று அமர்பவர் எனவும், தம் மக்கள் மார்க்க அறிஞர்களாக வேண்டுமெனக் கண்ணீருடன் துஆ கேட்பவர் எனவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவர் மரணத் தறுவாயில் தம்மிரு புதல்வர்களான முஹம்மதையும் அஹ்மதையும் ஸூஃபியான ஒரு நண்பரிடம் ஒப்படைத்து, தம்மிடமிருந்த சிறு பொருளையும் அவர்களின் கல்விக்கெனக் கொடுத்துச் சென்றார்.

அப்பொருள் விரைவில் தீர்ந்துவிட்டது. அந்த நண்பரும் ஏழையே. ஆகவே, மாணவர்களுக்கு உணவும் உதவித்தொகையும் கிடைக்கும் மத்ரஸாவில் சேர்ந்துகொள்ளும்படி அவ்விருவருக்கும் யோசனை கூறினார். வயிற்றுப் பசிக்காகவே தாங்கள் கல்வியின் வாசலை மிதித்ததாகவும், ஆயினும் கல்வி அல்லாஹ்வைத் தவிர வேறெதற்காகவும் இருக்க இணங்கவில்லை என்றும் பிற்காலத்தில் இமாமவர்கள் நினைவுகூர்ந்ததாகக் கூறுவர். நோக்கம் தூய்மையாக இருக்கிறதா என்னும் இந்தக் கவலை அவர்களின் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

தூஸ் நகரில் ஃபிக்ஹு பயின்ற பின் ஜுர்ஜான் சென்று ஓதினார்கள். ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களை மறித்தனர். உடைமைகளுடன், ஆசிரியரிடம் கேட்டு எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளையும் பறித்துக்கொண்டனர். இளைஞரான இமாமவர்கள் கொள்ளையர் தலைவனைப் பின்தொடர்ந்து, அக்குறிப்புகளை மட்டும் திருப்பித் தருமாறு மன்றாடினார்கள். ஏடு பறிபோனால் அறிவும் பறிபோகுமாயின் அது என்ன அறிவு என்று அவன் நகைத்துவிட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுத்தானாம். அச்சொல் அவர்களின் நெஞ்சில் தைத்தது. அடுத்த மூன்றாண்டுகளை அக்குறிப்புகள் அனைத்தையும் மனனம் செய்வதிலேயே செலவிட்டார்கள்.

பின்னர் நைஸாபூர் சென்று, இமாமுல் ஹரமைன் அல் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் மாணவரானார்கள். ஃபிக்ஹு, உஸூல், தர்க்கம், கலாம் ஆகிய கலைகளில் ஆசிரியரே வியக்கும் அளவுக்குத் தேர்ந்தார்கள். ஹிஜ்ரி 478இல் (கி.பி. 1085) ஆசிரியர் வஃபாத்தானதும், ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் சபைக்குச் சென்றார்கள். அறிஞர்கள் கூடி விவாதிக்கும் அச்சபையில் இளம் கஸ்ஸாலியின் புகழ் பரவியது.

பக்தாத்தின் உச்சியில்

ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) நிஜாமுல் முல்க் அவர்களைப் பக்தாத் நகரின் நிஜாமிய்யா மத்ரஸாவுக்குத் தலைமை ஆசிரியராக நியமித்தார். அக்கால முஸ்லிம் உலகில் ஓர் ஆலிம் அடையக்கூடிய பதவிகளுள் மிக உயர்ந்தவற்றில் அது ஒன்று. இமாமவர்களுக்கு அப்போது ஹிஜ்ரிக் கணக்குப்படி முப்பத்து நான்கு வயதே ஆகியிருந்தது. அவர்களின் பாடத்தில் முந்நூறு மாணவர்கள் அமர்ந்தனர். கலீஃபாவின் அரண்மனையிலும் அவர்களின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அவர்கள் பக்தாத்துக்குள் நுழைந்தபோது உடுத்தியிருந்த ஆடையும் ஏறிவந்த வாகனமும் ஐந்நூறு தீனார் பெறும் என மதிப்பிடப்பட்டதாக வரலாற்றாசிரியர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

ஓய்வு வேளைகளில் இமாமவர்கள் தத்துவ நூல்களைத் தாமே படித்தார்கள். ஈராண்டுக்கும் குறைந்த காலத்தில் அக்கலையைக் கற்று, பின் ஏறத்தாழ ஓராண்டு அதைச் சிந்தித்து, தத்துவவாதிகளின் கோட்பாடுகளை விளக்கி மகாஸிதுல் ஃபலாஸிஃபா என்னும் நூலையும், அவற்றிலுள்ள தவறுகளை எடுத்துக்காட்டித் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா என்னும் நூலையும் எழுதினார்கள். பாத்தினிய்யாக்களின் கொள்கையை மறுத்தும் நூல் இயற்றினார்கள்.

வெளியே புகழ் வளர்ந்துகொண்டிருந்தது. அதே காலத்தில் உலகம் தன் உண்மை முகத்தையும் காட்டிக்கொண்டிருந்தது. ஹிஜ்ரி 485இல் (கி.பி. 1092) நிஜாமுல் முல்க் கொலை செய்யப்பட்டார். சில வாரங்களில் ஸுல்தான் மலிக்ஷாவும் மரணமடைந்தார். பேரரசு வாரிசுப் போரில் சிக்கியது. அதிகாரத்தின் நிழல் எவ்வளவு விரைவில் நகர்ந்துவிடும் என்பதை இமாமவர்கள் கண்முன் கண்டார்கள்.

ஆறு மாத உள்ளப் போராட்டம்

இக்காலத்தில் அபூ தாலிப் மக்கீ, ஹாரிஸ் முஹாஸிபீ, ஜுனைத் பக்தாதீ (ரஹ்) முதலான ஸூஃபியாக்களின் நூல்களையும் கூற்றுகளையும் இமாமவர்கள் ஆழ்ந்து படித்தார்கள். படித்து அறியக்கூடியவற்றை அறிந்துகொண்டார்கள். எஞ்சியது வாழ்ந்து பெறவேண்டிய ஒன்று என்பதும் அவர்களுக்குத் தெளிவாயிற்று. ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிவது ஒன்று. ஆரோக்கியமாக இருப்பது வேறொன்று என்பதை உணர்ந்தார்கள்.

அப்போது தம் நிலையைத் தாமே ஆராய்ந்தார்கள். தம் செயல்களில் மிகச் சிறந்தது கல்வி கற்பித்தல். அதையே எடுத்துச் சோதித்தார்கள். மறுமைக்குப் பயன் தராத கலைகளிலும் தாம் மூழ்கியிருப்பது தெரிந்தது. கற்பிப்பதன் நோக்கத்தைச் சோதித்தபோது, அது அல்லாஹ்வுக்கென்றே தூய்மையானதாக இல்லை. பதவியும் புகழுமே தம்மை இயக்குகின்றன என்பதைக் கண்டு அஞ்சினார்கள். இடிந்து விழும் கரையின் விளிம்பில் நிற்பவரைப் போலத் தம்மை உணர்ந்தார்கள்.

புறப்பட்டுவிட வேண்டும் என்று ஒரு நாள் உறுதி கொள்வார்கள். மறுநாள் அவ்வுறுதி குலைந்துவிடும். காலையில் மறுமையின் நாட்டம் மேலோங்கும். மாலையில் இச்சையின் படை வந்து அதைக் கலைத்துவிடும். இந்நிலை ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது.

இறுதியில் முடிவு அவர்களின் கையை விட்டு நழுவியது. அல்லாஹ் அவர்களின் நாவைப் பூட்டினான். மாணவர்களை மகிழ்விக்க ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றார்கள். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. அத்துயரம் உடலையும் பற்றியது. உணவும் பானமும் இறங்கவில்லை, உடல் தளர்ந்தது. மருத்துவர்கள் கைவிரித்தனர். இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய், உள்ளத்தின் கவலை தீர்ந்தாலன்றி இதற்கு மருந்தில்லை என்று கூறிவிட்டனர். செய்வதறியாத இமாமவர்கள், வேறு வழியற்றவனின் அபயக் குரலுடன் அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். அதன்பின் பதவி, பொருள், சுற்றம் அனைத்தையும் விட்டு நீங்குவது அவர்களுக்கு எளிதாயிற்று.

ஹிஜ்ரி 488 துல்கஅதா மாதத்தில் அவர்கள் பக்தாத்தை விட்டு வெளியேறினார்கள். ஷாம் நாட்டில் தங்கும் எண்ணத்தை மனத்தில் கொண்டு, மக்காவுக்குச் செல்வதாகவே வெளியில் தெரிவித்தார்கள். கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். நிஜாமிய்யாவின் பொறுப்பைத் தம் சகோதரர் அஹ்மது அவர்களிடம் விட்டார்கள். தம் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். எனினும், தம் பிள்ளைகளின் உணவுக்கும் தம் தேவைக்கும் போதுமான அளவை எடுத்து வைத்தார்கள். குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டுத் துறவு பூணுவதை மார்க்கம் அனுமதிக்கவில்லை என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இராக் மக்கள் திகைத்தனர். இவ்வளவு உயர்ந்த பதவியை ஒருவர் மார்க்கக் காரணத்திற்காகவே விட்டுவிடுவார் என்பதை அவர்களால் நம்ப இயலவில்லை. அறிஞர் கூட்டத்தின் மீது கண்ணேறு பட்டுவிட்டது என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டனர்.

மினாராவில் ஒரு பகல்

இமாமவர்கள் டமாஸ்கஸ் நகர் சேர்ந்தார்கள். ஷாம் நாட்டில் தாம் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் தங்கியதாக அவர்களே எழுதியுள்ளார்கள். தனிமை, வணக்கம், நஃப்ஸைத் தூய்மை செய்தல் இவையன்றி அவர்களுக்கு வேறு வேலை இல்லை. உமய்யாப் பெரிய பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தார்கள். பகலில் அப்பள்ளியின் மினாராவில் ஏறி, கதவைத் தாழிட்டுக்கொண்டு, மாலை வரை தன்னந்தனியே இருப்பார்கள். கீழே கடைவீதியின் இரைச்சல். மேலே ஒரு மனிதர், தம் உள்ளம், தம் இறைவன். முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர் அங்குத் தமக்குத் தாமே பாடம் சொல்லிக்கொண்டார்.

அந்நாளில் அவர்கள் உடுத்தியிருந்தது முரட்டு ஆடை. ஐந்நூறு தீனார் மதிப்புடைய கோலத்தில் பக்தாத்துக்குள் நுழைந்தவரின் ஆடை, துறவுக்குப்பின் பதினைந்து கீராத்துக்கே பெறுமென மதிப்பிடப்பட்டதாம். ஒரு நாள் டமாஸ்கஸின் மத்ரஸா ஒன்றினுள் நுழைந்தபோது, அங்கிருந்த ஆசிரியர் கஸ்ஸாலியின் கருத்து என்று கூறிப் பாடம் நடத்திக்கொண்டிருந்ததைக் கேட்டு, தம் உள்ளத்தில் தற்பெருமை தலைதூக்குமோ என அஞ்சி இமாமவர்கள் அந்நகரையே விட்டு அகன்றார்கள் என்று ஒரு செய்தி கூறப்படுகிறது.

அங்கிருந்து பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். ஒவ்வொரு நாளும் குப்பத்துஸ் ஸக்ராவினுள் நுழைந்து கதவை மூடிக்கொண்டு தனித்திருப்பார்கள். அந்நகர மக்களுக்காக அகீதாவை விளக்கி அர்ரிஸாலத்துல் குத்ஸிய்யா என்னும் சிறு நூலை எழுதினார்கள். பின்னர் ஹெப்ரான் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிமொழிகள் எடுத்தார்கள். அரசர்களின் வாசலுக்குச் செல்வதில்லை. அவர்களின் பொருளைப் பெறுவதில்லை. வெற்றிக்காக விவாதம் செய்வதில்லை என்பன அவை. அதன்பின் ஹஜ்ஜை நிறைவேற்றி, மதீனா சென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஜியாரத் செய்தார்கள். இமாமவர்கள் விட்டுச் சென்ற சில ஆண்டுகளிலேயே, ஹிஜ்ரி 492இல் (கி.பி. 1099) பைத்துல் முகத்தஸ் சிலுவைப் போராளிகளின் கையில் வீழ்ந்தது என்பது வரலாற்றின் வேதனை.

பிள்ளைகளின் அழைப்பு அவர்களைத் தாயகத்தை நோக்கி இழுத்தது. திரும்பக்கூடாது என எண்ணியிருந்தவர் திரும்பினார்கள். தூஸ் நகரிலும் தனிமையைப் பேணினார்கள். ஆனால் குடும்பப் பொறுப்பும் பிழைப்புக்கான தேவையும் காலத்தின் நிகழ்வுகளும் அத்தனிமையை இடையிடையே கலைத்தன. தூய தனிமை எப்போதாவதுதான் கிட்டியது என்றும், ஆயினும் தாம் நம்பிக்கை இழக்காமல் மீண்டும் மீண்டும் அதற்குத் திரும்பியதாகவும் அவர்கள் ஒளிவின்றி எழுதியுள்ளார்கள். மனைவி மக்களுடனும் கடை கண்ணியுடனும் வாழும் நமக்கு இது எத்துணை ஆறுதல்!

தனிமையின் கனி

இத்தனிமையின் ஆண்டுகளில் விளைந்ததே இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல். வணக்கங்கள், அன்றாட வாழ்வின் ஒழுங்குகள், அழிவில் தள்ளும் தீய குணங்கள், ஈடேற்றம் தரும் நற்குணங்கள் என நான்கு பகுதிகள். பகுதிக்குப் பத்தாக நாற்பது பாடங்கள். இதில் இடம்பெற்ற சில ஹதீஸ்களின் தரத்தைப் பின்வந்த அறிஞர்கள் ஆய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 806இல் வஃபாத்தான ஹாஃபிஸ் இராக்கீ (ரஹ்) அவர்கள் அந்த ஹதீஸ்களின் மூலங்களைத் தேடிப் பிரித்துக் காட்டினார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே அறிவுடைமை.

இந்நூலின் பதினாறாவது பாடம் தனிமையைப் பற்றியது. தனிமையால் வணக்கத்திற்கும் சிந்தனைக்கும் நேரம் கிடைக்கிறது. புறம்பேசுதல், முகஸ்துதி போன்றவற்றிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது எனப் பலன்களை அடுக்கும் இமாமவர்கள், அதே பாடத்தில் மக்களுடன் கலந்து வாழ்வதன் பலன்களையும் அடுக்குகிறார்கள். கற்றல், கற்பித்தல், பிறருக்கு உதவுதல், பணிவு, அனுபவம் ஆகியவை தனித்திருப்பவனுக்குக் கிட்டா. ஆகவே, இன்னாருக்கு இது என்று ஒரே தீர்ப்புக் கூற முடியாது. ஒவ்வொருவரும் தம் நிலையை எடைபோட்டுப் பார்க்கவேண்டும் என்பது அவர்களின் முடிவு. இப்பாடத்திற்கு முந்திய பாடம் சகோதரத்துவத்தின் கடமைகளைப் பற்றியது என்பதும் கவனிக்கத்தக்கது.

முப்பத்தெட்டாவது பாடத்தில், உள்ளத்தைக் கணக்குப் பார்க்கும் முறையை ஒரு வணிகரின் உவமை கொண்டு விளக்குகிறார்கள். கூட்டு வியாபாரம் செய்பவர் முதலில் கூட்டாளியுடன் நிபந்தனை பேசுகிறார், பிறகு கண்காணிக்கிறார், முடிவில் கணக்குப் பார்க்கிறார், நட்டம் வந்தால் கண்டிக்கிறார். மனிதனின் அறிவு முதலாளி, நஃப்ஸ் கூட்டாளி, ஆயுளே மூலதனம். சுப்ஹுத் தொழுகைக்குப்பின் சிறிது நேரம் நஃப்ஸுடன் நிபந்தனை பேசவேண்டும். பகல் முழுதும் கண்காணிக்க வேண்டும். நாளின் இறுதியில் கணக்குக் கேட்கவேண்டும். வணிகம் செய்து வாழும் நம்மவர்களுக்கு இதைவிட எளிதாய் விளங்கும் உவமை வேறேது? முப்பத்தொன்பதாவது பாடம் சிந்தித்தலைப் பற்றியது. நாற்பதாவது மரணத்தைப் பற்றியது. கணக்கு, சிந்தனை, மரணம் என்னும் இந்த வரிசையே ஓர் உபதேசம்.

மீண்டும் மக்களிடையே

ஹிஜ்ரி 499 துல்கஅதாவில் (கி.பி. 1106), பக்தாத்தை விட்டுப் பதினோராண்டுகளுக்குப் பின், அமைச்சர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலை ஏற்று நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தச் சென்றார்கள். இவர் நிஜாமுல் முல்க்கின் மகனாவார். மக்களின் ஈமான் பலவீனப்பட்டிருக்கும்போது ஒதுங்கியிருப்பது சுகத்தை நாடுவதாகிவிடுமோ என எண்ணி, உள்ளத் தெளிவுடையோரிடம் ஆலோசித்த பின்னரே அம்முடிவுக்கு வந்தார்கள். முன்பு தாம் கற்பித்தது புகழைச் சேர்க்கும் கல்வி. இப்போது கற்பிப்பது புகழைத் துறக்கச் செய்யும் கல்வி என இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். இவ்வரலாற்றையெல்லாம் ஐம்பது வயதைக் கடந்த நிலையில் அல் முன்கிதுமினள் ளலால் என்னும் சிறு நூலில் அவர்களே எழுதி வைத்தார்கள்.

சில காலத்தில் மீண்டும் தூஸ் திரும்பினார்கள். வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபியாக்களுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுதல், நல்லோருடன் அமர்தல், பாடம் நடத்துதல் எனத் தம் நேரத்தைப் பங்கிட்டார்கள். இறுதி நாட்களில் புகாரீ, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களைப் பயில்வதில் ஈடுபட்டார்கள். உலகமே இமாம் எனப் போற்றியவர் இறுதிவரை மாணவராகவே இருந்தார்கள்.

ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் பிறை 14 (கி.பி. 1111 டிசம்பர் 18), திங்கட்கிழமை. சுப்ஹு வேளையில் ஒளூச் செய்து தொழுதார்கள். தம் கஃபனைக் கொண்டுவரச் சொல்லி, அதை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். அரசனின் சந்நிதிக்குச் செல்லச் சித்தமாயிருப்பதாகக் கூறி, கிப்லாவை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார்கள். பொழுது விடியுமுன் அவர்களின் ரூஹ் பிரிந்தது. இதைச் சகோதரர் அஹ்மது அவர்களே அறிவித்துள்ளார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒவ்வொரு நாளும் கணக்கை முடித்து வைத்திருந்தவருக்கு இறுதிக் கணக்கின் அழைப்பு அதிர்ச்சியாக இருக்கவில்லை.

நமக்குரிய படிப்பினை

அன்பர்களே! இமாமவர்கள் எழுதிய அல் வஜீஸ் என்னும் ஃபிக்ஹு நூலுக்கு இமாம் ராஃபிஈ (ரஹ்) விரிவுரை எழுத, அதை இமாம் நவவீ (ரஹ்) சுருக்கித் தர, ஷாஃபிஈ மத்ஹபின் சட்டங்கள் ஒழுங்கு பெற்றன. நம் கடற்கரையூர்களில் அம்மத்ஹபைப் பின்பற்றுவோர் அனைவரும் இவ்வகையில் இமாமவர்களுக்குக் கடன்பட்டவர்களே. அச்சட்டங்களை எழுதிய கரம்தான், சட்டப்படி தொழுதாலும் உள்ளம் எங்கே இருந்தது என்று கேட்டது.

பதினோராண்டுகள் ஊரை விட்டுச் செல்ல நம்மால் இயலாது. அது நம்மீது கடமையுமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன் ஹிரா குகையில் தனித்திருந்தார்கள். பின்னர் மக்களிடையே வாழ்ந்தபோதும் ஒவ்வொரு ரமளானின் கடைசிப் பத்திலும் இஃதிகாஃப் இருந்தார்கள். வஃபாத்தான ஆண்டில் அதை இருபது நாட்களாக்கினார்கள். மனைவியரும் மக்களும், ஆட்சியும் போரும் சூழ்ந்திருந்த அவர்களுக்கே அந்நாட்கள் தேவைப்பட்டன. நம் பள்ளிகளிலோ ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. பெருநாள் வியாபாரம், பிரயாணம், விருந்து என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

பத்து நாட்கள் முடியாதவர் ஒரு நாளையாவது ஒதுக்கட்டும். சுப்ஹு முதல் மஃரிபு வரை இஃதிகாஃப் நிய்யத்துடன் பள்ளியில் அமரட்டும். கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு தாளில், யாருக்குக் கொடுக்கவேண்டியது நிலுவையில் இருக்கிறது, எந்த உறவினருடன் பேச்சற்றுப் போயிற்று, எந்தத் தொழுகை களாவாக இருக்கிறது, கடந்த ஆண்டு ஜகாத் சரியாகக் கணக்கிடப்பட்டதா, செய்த நற்செயல்களில் பெயருக்காகச் செய்தவை எவை என எழுதிப் பார்க்கட்டும். பெண்மணிகள் இல்லத்தில் தாம் தொழுமிடத்தில் அமர்ந்து சிந்திக்கலாம். அன்று ஒரு நாள் சமையலறைப் பொறுப்பை ஆண்கள் ஏற்பதும் நன்மையே. புறப்படுமுன் வீட்டாரின் தேவைகளை நிறைவேற்றி வைக்கவேண்டும். இமாமவர்களின் முன்மாதிரியும் அதுவே. மாலையில் வெளியே வரும்போது, எழுதியவற்றுள் ஒன்றையேனும் மறுநாளே செய்து முடிக்கும் உறுதியுடன் வரவேண்டும். கடனைத் திருப்பிக் கொடுப்பதும், பிரிந்த சகோதரனின் கதவைத் தட்டுவதும் மினாராவின் உச்சியில் நடப்பவை அல்ல. கீழே இறங்கி வந்தபின் நடப்பவை.

பள்ளியின் கணக்கை நாம் ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கிறோம். நம் கணக்கு எந்நாளில் கேட்கப்படும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அந்நாள் வருமுன் நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளும் நற்பேற்றையும், தூய நிய்யத்தையும், இமாமவர்களின் கல்வியிலிருந்து பயன்பெறும் பாக்கியத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும், நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.